பொறுப்பம்மா அடித்த ஆணி

என் மனைவிக்கு வெளியுறவுத் துறையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பொறுப்பம்மா. அன்பாக வைத்த பெயர்தான் என்று அவள் சொல்வாள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பெயர் வந்த கதை இதுதான். வெளிநாட்டில் இருக்கும் நம் தூதர் பணி முடிந்து ஊர் திரும்புவார். அடுத்தவர் வந்து சேர நாலு மாதமும் ஆகலாம், பத்து மாதமும் ஆகலாம். அதுவரை தூதரகத்தை யாராவது நடத்த வேண்டுமே. அடுத்த நிலையில் இருக்கும் அதிகாரி நடத்துவார். அவருக்குப் பொறுப்புத் தூதர் என்று பெயர். தூதர் செய்கிற வேலை அத்தனையும் அவர் செய்யலாம். ஆனால் தூதரின் அறையில் உட்காரக் கூடாது. காரில் கொடி பறக்கக் கூடாது. மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் தூதர்களின் படங்களோடு அவர் படம் சேராது. புது ஆள் வந்து இறங்கியதும் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலிக்குத் திரும்பிவிட வேண்டும்.

என் மனைவி அப்படி ஐந்து நாடுகளில் ஐந்து தடவை சாவியைக் கொடுத்திருக்கிறாள். ஐந்து தடவையும் வாங்கிக்கொண்டவர் ஆண். அதில் இரண்டு பேர் இவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கு ஒழுங்காக அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்ததே இவள்தான்.

அவளை ஏன் தூதராக்கவில்லை என்பதற்கு ஒவ்வொரு தடவையும் தலைநகரிலிருந்து ஒரு காரணம் வரும். முதல் தடவை, கைக்குழந்தை இருக்கிறதே என்றார்கள். கைக்குழந்தை என் கையில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை, அந்த நாட்டுக்காரர்கள் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள் என்றார்கள். எட்டு மாதமாக அவர்கள் இவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாவது தடவை, மகளுக்குப் பள்ளிப் பரீட்சை வருகிறது, சிரமம் வேண்டாம் என்றார்கள். பரீட்சை மகளுக்கா அம்மாவுக்கா என்று நான் கேட்டேன், வீட்டுக்குள்தான். நாலாவது தடவை காரணம் சொல்லவே மறந்துவிட்டார்கள். ஐந்தாவது தடவை சொன்னதுதான் உச்சம். வருகிற தூதர் அனுபவம் குறைந்தவராம். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் அவருக்கு உதவியாக இருக்குமாம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதை.

அவளோடு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இன்னும் மூன்று பேர். கணவர் ஊரை விட்டு வர மாட்டேன் என்றதால் ஒருத்தி விலகினாள். இன்னொருத்தியை விருந்தினர் பிரிவில் போட்டார்கள்; எந்த நாட்டு அமைச்சருக்கு எந்த நாற்காலி என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றாள். மூன்றாமவள் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்தப் போனாள், நன்றாக இருக்கிறாள். மிச்சம் என் மனைவி. அதே வருடம் சேர்ந்த ஆண்களில் தூதர் ஆகாதவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் பாட்டுப் பாடப் போய்விட்டார். துறையில் இன்றைக்கும் பெண் தூதர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிச்சமிருக்கும்.

நான் பல் கட்டுகிறவன். பல் மருத்துவர் வாயின் அச்சு எடுத்து அனுப்புவார், அதற்குப் பொருத்தமாகப் பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். என் மனைவியை வேலைக்கு எடுத்த நேர்காணலில், “வெளிநாட்டுக்குப் போட்டா உங்க கணவர் கூட வருவாரா?” என்று கேட்டார்களாம். அன்று வந்திருந்த ஆண்களில் ஒருவரிடமும் மனைவி வருவாளா என்று கேட்கவில்லை. இவள் நேர்மையாக, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“பல்லு விழுற மனுஷங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க. நான் வரேன்,” என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல பதில் அது ஒன்றுதான் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். போன நாடுகளில் எல்லாம் எனக்கு ஏதாவது ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் வேலை கிடைத்தது. மகளைக் குளிப்பாட்டினேன், பள்ளியில் விட்டேன். மகள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். கோபம் எனக்கு, பொறுமை அவளுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். இதுவரை பாகத்தில் சண்டை வந்ததில்லை.

ஒவ்வொரு ஊரிலும் தூதரக அதிகாரிகளின் மனைவிமார் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருப்பார்கள். மாதம் ஒரு தேநீர். அதில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். முதல் கூட்டத்தில் எனக்குப் பூவேலை செய்த கைக்குட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், இன்னும் வைத்திருக்கிறேன். போகப்போக என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் முடிவதற்குள் யாராவது ஒருவர் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய், வாயைத் திறந்து, இந்தக் கடைவாய்ப் பல் ஆடுகிறதா பாருங்கள் என்பார். அரசாங்க ரகசியங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த நாட்டுத் தூதர் தூங்கும்போது பல்லைக் கடிக்கிறார் என்பது தெரியும்.

என் மனைவி எப்படி வேலை செய்வாள் என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். நாலாவது நாட்டில் நம் மீனவர்கள் சிலர் எல்லை தாண்டி வந்ததாகப் பிடிபட்டுச் சிறையில் இருந்தார்கள். இவள் அப்போது பொறுப்பில் இருந்தாள். அந்த நாட்டு மீன்வளத் துறை அமைச்சர் இவளைப் பார்க்க நேரம் தரவில்லை. இவள் அவர் அறைக்கு வெளியே இருந்த மர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். மதியம் பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாள். அமைச்சரின் உதவியாளருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். வீட்டுக்குக் கிளம்பும் அமைச்சரோடு மாடிப்படியில் கூடவே இறங்கிக் கார் வரைக்கும் நடப்பாள். விடுதலை செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறையில் இருப்பவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், அவருக்கு மருந்து போகிறதா என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள், அவர்கள் படகின் இயந்திரம் எங்கே பழுதாகி நின்றது தெரியுமா என்றாள். இப்படிப் படிக்கட்டிலேயே பேசிப் பேசி ஒரு வாரத்துக்குள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

அவர்கள் விமானம் ஏறுகிற அன்று காலையில்தான் புதுத் தூதர் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் படம் எடுத்தார்கள். நடுவில் தூதர், இரண்டு பக்கமும் மீனவர்கள். படத்தின் ஓரத்தில் ஒரு தோளும் ஒரு கைப்பையும் தெரியும். அது என் மனைவி. அந்தக் கைப்பையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பதால் அடையாளம் தெரிகிறது. பேப்பரில் அதைப் பார்த்துவிட்டு, நாலாக மடித்து அவள் முன்னால் போட்டேன்.

“ஆளுங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்கள்ல? அதுக்குத்தானே உட்கார்ந்திருந்தேன்,” என்றாள் அவள். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் நடிக்கவில்லை. வேலை அவளுக்கு உண்மையிலேயே பிடிக்கும். காலையில் முதல் ஆளாகப் போய் ஜன்னல்களைத் திறப்பது பிடிக்கும். கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது பிடிக்கும். அதனால் நாங்கள் குறைபட்டுக்கொண்டு வாழ்ந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே வாழ்ந்தோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் இலவு காத்த கிளியாக இருந்தேன்.

இது ஆறாவது நாடு. அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான், இதற்குப் பிறகு வேறு நாடு கிடையாது. இங்கே இருந்த தூதர் கோடையில் விடைபெற்றுப் போனார். வழக்கம்போல இவள் பொறுப்பு. எனக்கு மட்டும் உள்ளூர ஒரு நப்பாசை. இந்தத் தடவையாவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என் மனைவி பொறுப்பம்மாவாகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு நாள் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. புதுத் தூதரை முடிவு செய்தாயிற்று, இந்த நாட்டின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறோம் என்று. பெயர் இல்லை. சம்மதம் வரும்வரை பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் துறையில் கண்டிப்பான வழக்கம். மறுத்துவிட்டால் அந்த ஆளுக்கு அவமானம் பாருங்கள், அதற்காக. என் மனைவி செய்தியைப் படித்தாள், மடித்து வைத்தாள். தூதர் குடியிருக்கும் வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்றாள். அவளிடம் சொல்லாமல் முடிவு செய்தால் அது வேறு யாரோதான்; என் நப்பாசை அதோடு முடிந்தது.

அன்று மாலையே துறையின் நிர்வாகப் பிரிவுக்காரருக்குத் தொலைபேசி போட்டாள். அவர் பழைய சிநேகிதர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் கேட்க, நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பேர் வேண்டாம். வீட்டைத் தயார் பண்ணணும், அதுக்குத்தான் கேக்குறேன். மெத்தை எப்படி வேணுமாம்?”

அவர் சிரித்தார். “உங்களுக்கு எது பிடிக்குமோ அதையே வாங்குங்க மேடம்.”

“சுவருக்கு என்ன நிறம்?”

“அதுவும் உங்க இஷ்டம்தான்.”

“குழந்தைங்க வர்றாங்களா?”

“பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போயாச்சு. வீட்ல ரெண்டே பேர்தான்.”

“கூட வர்றவங்க எப்படி? எங்க வீட்டுக்காரர் அவங்களோட பழகணும்ல.”

“கொஞ்சம் கோபம் வரும். நாக்கு நீளம். ஆனா மனசு தங்கம். நீங்க சமாளிச்சுடுவீங்க.” அவர் மறுபடியும் சிரித்தார்.

எனக்கு வந்த எரிச்சலில் கிழங்கில் பாதி தோலோடு போனது. பொம்பளை கோபக்காரியாம், நாக்கும் நீளமாம், நான் இரண்டு வருடம் அவளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டுமாம். “அந்தம்மா பல்லை நான் பாக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்,” என்றேன். என் மனைவி மெத்தைக் கடையின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உங்கள் இஷ்டம் என்று சொன்னால் அவள் கேட்பாளா? இத்தனை தூதர்களைப் பார்த்தவள் இல்லையா? தூதர் என்றால் முதுகு வலி இல்லாமல் இருக்காது என்று சொல்லிக் கட்டாந்தரை மாதிரி ஒரு மெத்தை வாங்கினாள். அவளுக்குப் பிடித்தது மஞ்சள்; வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்று சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னாள். அலுவலகத்தில் தூதரின் நாற்காலியை உயரமான ஆளுக்கு ஏற்ற மாதிரி தூக்கி வைத்தாள். குளியலறைக் குழாயில் வெந்நீர் வர நேரமாகும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினாள். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள்.

கடைசியாக மிச்சம் இருந்தது ஆணி. புதுத் தூதர் வருவதற்குள் மாடிப்படிச் சுவரில் அவர் படத்துக்கு ஆணி அடித்து வைக்க வேண்டும்; அதுவும் வழக்கம். ஒரு சனிக்கிழமை காலை, ஆபீஸில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். தூதரகத்து டிரைவர் சுத்தியலும் ஸ்டூலும் கொண்டுவந்தார். அவர் பல வருடமாக அங்கே இருப்பவர், கொடி இல்லாமல் கார் ஓட்டுவது அவருக்கு வேட்டி நழுவின மாதிரி.

அவர் அடித்த முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது, சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. “குடுங்க,” என்று என் மனைவி சுத்தியலை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். பக்கத்துப் படத்தின் ஆணியிலிருந்து ஒரு நூலை இழுத்து மட்டம் பார்த்தாள். கோணல் இல்லாமல் நாலே அடியில் இறக்கினாள். அடித்து முடித்ததும் இறங்கவில்லை. சுத்தியலும் கையுமாக அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி பாதிச் சிரிப்பு. அதில் இரண்டு பல் செட் நான் செய்தவை.

“ஒரே ஒரு தடவை,” என்றாள், எங்களைப் பார்க்காமல். “எங்கயாவது ஒரு சுவர்ல என் படமும் இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சிருக்கேன். நினைச்சிருக்கேன், அவ்வளவுதான்.”

இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆசை எனக்கு மட்டும்தான் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கீழே குனிந்து, விழாத ஆணியைத் தேட ஆரம்பித்தார். அவள் இறங்கி, பெயர்ந்த சுண்ணாம்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள்.

அடுத்த வாரம் தூதரின் வீட்டுப் படுக்கையறையில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தோம். நான் கம்பியைப் பிடித்திருந்தேன். நிர்வாகப் பிரிவுக்காரர் கூப்பிட்டார். கை வேலையாக இருந்ததால் மறுபடியும் ஸ்பீக்கர்.

“மேடம், நல்ல சேதி. நேத்து சம்மதம் வந்துடுச்சு. நியமனக் கடிதம் வாங்க எப்ப வர்றீங்க?”

“ரொம்ப சந்தோஷம். ஆனா அதுக்கு நான் எதுக்கு? புதுத் தூதர் வரும்போது கையோட கொண்டு வரட்டும்.”

அவர் மறுபடியும் சிரித்தார்.

“மேடம், இனிமே வெளிப்படையாப் பேசலாம். யாரு ஒட்டுக் கேட்டாலும் பரவாயில்ல.”

“நான் எப்பவும் வெளிப்படையாத்தானே பேசுறேன். மெத்தை வந்தாச்சு, திரைச்சீலை மட்டும் பாக்கி. அவர் என்னைக்கு வர்றார்னு சொல்லுங்க, விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பணும்.”

“அய்யோ,” என்றார் அவர், மெதுவாக. “உங்ககிட்ட அமைச்சர் ஆபீஸ்ல சொல்லவே இல்லயா?”

“என்ன சொல்லல?”

“புதுத் தூதர் நீங்கதான் மேடம்.”

நான் கம்பியை விட்டுவிட்டேன். அது அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது, அவள் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். நிர்வாகப் பிரிவு சொல்லியிருக்கும் என்று அமைச்சர் அலுவலகம் நினைத்தது. அமைச்சர் அலுவலகம் சொல்லியிருக்கும் என்று நிர்வாகப் பிரிவு நினைத்தது. அன்றைக்கு இவள் மெத்தையையும் நிறத்தையும் கேட்டபோது, யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்று ஜாக்கிரதையாகப் பேசுகிறாள் என அவர் எடுத்துக்கொண்டு, தானும் அதே மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். மேடம் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினார் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வேறு மகிழ்ந்திருக்கிறார். அந்தத் துறையில் ரகசியம் காப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவளுக்கே தெரியாமல் காப்பாற்றிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும், ஒருவேளை நானோ என்று ஒரு நிமிடமாவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஐந்து தடவை சாவியைக் கொடுத்த கை, ஆறாவது தடவையும் கொடுக்கத்தான் நீண்டது.

“அப்ப அந்தக் கோபக்காரி?” என்று கேட்டேன் நான்.

“மன்னிச்சுக்குங்க சார். நாக்கு நீளம்னு சொன்னதுக்கும் சேர்த்து,” என்றார் அவர்.

தொலைபேசியை வைத்த பிறகு என் மனைவி அந்தப் புது மெத்தையில் உட்கார்ந்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். “கல்லு மாதிரி இருக்குங்க,” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிடிக்காத நிறச் சுவரையும் தரையில் கிடந்த திரைச்சீலையையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தோம். மெத்தையை இன்னும் மாற்றவில்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பொருளை எப்படித் தூக்கிப் போடுவது என்கிறாள். முதுகு வலி இப்போது எனக்கு.

தலைநகருக்குப் போய்க் கடிதம் வாங்கி வந்தாள். இந்த நாட்டு அதிபரிடம் அதைக் கொடுக்கப் போன அன்று டிரைவர் காரின் கொடி உறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியமே சுவருக்கான படம் எடுக்க ஒரு போட்டோக்காரர் வந்தார். தூதரின் அறையில், மேஜைக்கு முன்னால் அவளை நிற்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் கால் தரைக்கு எட்டவில்லை, அதனால்தான் நிற்கச் சொன்னது.

போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார். “மேடம், கொஞ்சம் வலது பக்கம் வாங்க,” என்றார். அவள் அரை அடி நகர்ந்தாள். “இன்னும் கொஞ்சம்.” அவள் மறுபடி ஒரு சாண் நகர்ந்து, கைப்பையை நேராகப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுவிட்டு, அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். விமான நிலையத்தில் நின்ற அதே மாதிரி, முப்பது வருடமும் எல்லாப் படத்திலும் நின்ற அதே மாதிரி.

நான் போய்க் கைப்பையை வாங்கிக்கொண்டேன்.

“அங்க வேற யாரும் வரப் போறதில்லம்மா,” என்றேன். “அது உன் இடம்தான். நடுவுல நில்லு.”

அவள் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு அடி எடுத்து வைத்து அங்கே நின்றாள். அந்தப் படம்தான் இப்போது அவள் அடித்த ஆணியில் தொங்குகிறது.